தலையாட்டினால் போதாது

அவளிடம் யாரும் சும்மா தலையாட்டிவிட்டுத் தப்பித்துவிட முடியாது. "புரிஞ்சுதா?" என்று அவள் கேட்கவே மாட்டாள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், அதனால் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்பது அவள் கட்சி. "சரி, இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்" என்பாள். ஆட்டோக்காரர், கப்பல் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர், அவளுக்கு மேலதிகாரியாக இருந்த நான், யாராக இருந்தாலும் அதேதான்.

ஒரு நாள் போர்ட் பிளேரில், மின்னி பே என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இருவரும் ஆட்டோவில் வந்தோம். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இரண்டாவது வளைவு என்று இந்தியில் வழி சொன்னாள். ஆட்டோக்காரர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். "அண்ணே, எங்க போறோம்? சொல்லுங்க" என்றாள். அவர் திரும்பிப் பார்த்து, இருபது வருஷமாக இந்த ஊரில் ஓட்டுவதாகச் சொன்னார். "அச்சா. எங்க போறோம்?" அவர் சொன்னார். தப்பாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அது அவளுக்கு வெற்றியே அல்ல, தினமும் நடப்பது.

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினால், அவளோடு ஒன்றரை வருஷம் வேலை பார்த்தும் நான் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்று ஆகிவிடும்.

நான் பிறந்தது அந்தமானில், இதே போர்ட் பிளேரில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். படிக்க மெயின்லேண்டுக்கு, அதாவது கடல் தாண்டி இந்தியாவின் பெருநிலத்துக்குப் போனேன், அங்கேயே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தேன். நம் உடம்பில் கிருமிகளோடு மல்லுக்கட்டும் செல்கள் கூட்டமாகத் தங்கியிருக்கும் உறுப்புகள் சில உண்டு. தொண்டையில் டான்சில், கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டும் நிணநீர்க் கணுக்கள், இடப்பக்க விலாவுக்கு உள்ளே மண்ணீரல். இந்த உறுப்புகளுக்குள் எந்தச் செல் எங்கே இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் வரைபடம் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவிய துண்டில் ஒளிரும் சாயம் ஏற்றிப் படமெடுப்போம். அதைக் கழுவிவிட்டு வேறு சாயம் ஏற்றுவோம், மறுபடி எடுப்போம். ஒரே துண்டை இப்படி நாள்கணக்கில் பார்ப்போம்.

இதற்கு ஆபரேஷனில் எடுத்த உறுப்புகள் வேண்டும். பல ஊர் மக்களிடமிருந்தும் வேண்டும் என்பதால் என்னைத் தீவுக்கு அனுப்பினார்கள். வார்டுகளில் நோயாளிகளிடம் பேசி ஒப்புதல் வாங்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அவள் வந்தாள்.

போர்ட் பிளேரிலேயே ஜங்லிகாட் என்ற பகுதியில் அவள் வீடு. அப்பாவுக்கு மீன்பிடி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து தாத்தா காலத்தில் வந்த கத்தோலிக்கக் குடும்பம். நர்சிங் படித்திருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். தமிழ், இந்தி, பெங்காலி, தெலுங்கு நான்கும் பேசுவாள். தமிழைத் தவிர மற்ற எதிலும் இலக்கணம் கிடையாது, ஆனால் அவள் பேசி யாருக்கும் விளங்காமல் போனதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேச மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளி கொஞ்சம் குனிந்து தன்னைப் பார்க்கும்படி தோளைத் தாழ்த்தி உட்கார்ந்துகொள்வாள். மடியில் சிவப்பு பிளாஸ்டிக் ஃபைல். அதைத் திறப்பது எல்லாம் பேசி முடித்த பிறகுதான்.

முதல் வாரம் அவளுக்கு வேலை காட்டிக்கொடுப்பதாக நினைத்து நானே ஒருவரிடம் பேசினேன். டான்சில் எடுக்க வந்திருந்த பள்ளிக்கூட டீச்சர் அவர். மூன்று பக்கப் படிவத்தை வரிவரியாக விளக்கினேன். டீச்சர் அழகாகக் கேட்டார், அழகாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் திருப்தி. அப்போது இவள் பின்னாலிருந்து, "டீச்சர், நான் வேலைக்குப் புதுசு. மேடம் இப்ப என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள்.

டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார். "என் டான்சிலை மெயின்லேண்டுக்கு அனுப்பி, கேன்சர் இருக்கான்னு பார்த்து எனக்கு ரிப்போர்ட் அனுப்புவாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாள்ல வரும்?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சுட்டது. இவள் ஸ்டூலை இழுத்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே வந்த பிறகு என்னிடம், "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல மேடம். ஆனா அவிய காதுல விழுந்தது வேற" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் அதோடு தீரவில்லை. ஒரு ஒப்புதலுக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வேறு ஊர்களில் நான்கு வாங்கினார்கள். வாராவாரம் வீடியோவில் கூடும் கூட்டத்தில் எங்கள் ஆராய்ச்சிக் கூடத் தலைவர் அதைக் குத்திக்காட்டாமல் விட மாட்டார். ஒரு வாரம் அவர், உறுப்பை எடுத்ததும் எந்தத் திரவத்தில் எத்தனை நேரம் வைக்க வேண்டும் என்று மளமளவென்று சொல்லி முடித்தார். இவள் மைக்கைத் திறந்து, "சார், நீங்க சொன்னதை நான் ஒருக்கா சொல்லிப் பாக்கட்டுமா?" என்றாள். நான் மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். பாதியில் அவர், "இருங்க, இருங்க, அது நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். அன்றைக்குத் திரையில் இருந்த மற்ற அத்தனை பேரும், நான் உட்பட, அந்தத் தப்பைக் கேட்டுத் தலையாட்டியிருந்தோம்.

ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒரு மழை நாளில் கேன்டீனில் வைத்துக் கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மைக்குக் கை விரலெல்லாம் வீங்கும் மேடம். மூட்டு வாதம். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினாவ. வாரத்துக்கு ஒண்ணு. இந்தியில வேகமா சொல்லிட்டு, சமஜ் கயா, வெளங்கிட்டான்னு கேட்டாவ. அம்மை தலையை ஆட்டுனா. நான் பக்கத்துல நின்னேன். பன்னெண்டாங் கிளாஸ் முடிச்சிருந்தேன், இந்தி நல்லாத் தெரியும். ஆனா வேற என்னத்தையோ நெனைச்சிட்டு நின்னேன். நானும் ஆட்டுனேன்."

அம்மா அந்த மாத்திரையைத் தினமும் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு வாரத்துக்குள் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. ரத்த அணுக்கள் சரிந்துவிட்டன. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

"டாக்டர் மேல குத்தமே இல்ல. சீட்டுல சரியாத்தான் எழுதியிருந்தாவ. ரெண்டு பேரு தலையாட்டுனா அவிய என்ன செய்வாவ?" என்றாள். பிறகு, "டீ ஆறிட்டு மேடம், குடிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவளை அவசரப்படுத்தவில்லை, ஒரே ஒரு நாள் தவிர.

வட அந்தமானில் இருக்கும் திக்லிபூரில் பாக்குத் தோட்ட வேலை செய்துவந்த செல்வம் என்பவன் மரத்திலிருந்து விழுந்துவிட்டான். அவன் பெயரையும் அவன் மனைவி பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இருபத்தாறு வயது. பெற்றோர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மனைவி மிதாலி பெங்காலிப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் அவர்களுக்குள் இந்திதான். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். காலையிலேயே ஆபரேஷன். மண்ணீரல் ஒரு பக்கம் கிழிந்து போயிருந்ததால் முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை.

டான்சில் எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும். நோயில்லாத ஓர் இளைஞனின் மண்ணீரல் லேசில் கிடைக்காது. கிழியாத பாதி அப்படியே நன்றாக இருந்தது. செல்கள் உயிரோடு இருக்கும்போதே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மத்தியான விமானத்தில் அனுப்பினால் அன்று மாலையே ஆய்வுக் கூடத்துக்குப் போய்விடும். மயக்கத்தில் இருப்பவருக்காக நெருங்கிய உறவினர் ஒப்புதல் தரலாம் என்று விதி இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் மிதாலியைப் பிடித்து, எனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். ஒரு துண்டை, அழுகாமல் காக்கும் பார்மலினில் போட்டு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் அடைத்து டேப் ஒட்டினேன். தலைவருக்குப் போன் செய்தேன். அவர் குரலில் அவ்வளவு உற்சாகத்தை அதற்கு முன் கேட்டதில்லை.

இவள் வேறொரு வார்டிலிருந்து வந்தாள். படிவத்தைப் பார்த்தாள். நேராக மிதாலியிடம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

"பெட்டி போகக் கூடாது மேடம்."

"கையெழுத்து இருக்கு."

"அவ எதுக்குப் போட்டான்னு கேட்டீங்களா? புருஷனை டெல்லிக்குக் கொண்டுபோயி வைத்தியம் பாக்கப் போறீங்கன்னு நெனைச்சிட்டிருக்கா. தானும் கூட வரலாமான்னு என்கிட்ட கேக்குறா."

இந்தியில் மண்ணீரலுக்குத் 'தில்லி' என்று பெயர். தலைநகரையும் இந்தியில் தில்லி என்றுதான் சொல்வார்கள், முதல் ஒலி மட்டும் கொஞ்சம் அழுத்தமாக வரும். பயந்துபோய் நின்ற பெண்ணின் காதில் என் இந்தி அப்படித்தான் விழுந்திருக்கிறது.

"சரி, இப்ப போய்ச் சரியாச் சொல்லு. இன்னும் நேரம் இருக்கு."

"இப்ப அவ காதுல ஒண்ணும் ஏறாது. எதைக் காட்டுனாலும் போடுவா. அவன் கண்ணு முழிக்கட்டும்."

நான் கத்தினேன். இப்படி ஒன்று மறுபடி கிடைக்காது என்றேன். உன் பிடிவாதத்துக்காக எத்தனை பேர் உழைப்பு வீணாகப்போகிறது தெரியுமா என்றேன். நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அக்கா" என்றாள். அதுவரை மேடம்தான். "நீங்க திட்டுங்க. நான் நகர மாட்டேன்."

விமானம் கூரைக்கு மேலே போகிற சத்தம் எனக்கு வார்டில் கேட்டது. தலைவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவர் சொன்னதையும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். சமாதானம் பேச வருகிறாள் என்று நினைத்தேன். "அவங்களுக்கு விளக்கிச் சொல்லணும்லா. அந்த மண்ணீரல் என்ன செய்யும்? எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் பிடித்த விஷயம். கோபத்தை மறந்து பேப்பரில் வரைய ஆரம்பித்துவிட்டேன். ரத்தம் இங்கே வருகிறது, சிவப்புப் பகுதிக்கு நடுவில் வெள்ளைத் திட்டுகள், அதற்குள் ஒரு ஓரத்தில் இந்த வகைச் செல், இன்னொரு ஓரத்தில் அந்த வகைச் செல். எல்லையில் நிற்கும் செல்கள் ரத்தத்தில் வரும் சில முரட்டுக் கிருமிகளை உடனே பிடித்துவிடும் என்றேன். அவள் திருப்பிச் சொன்னாள். எதையும் விடவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்ப அது இல்லாதவன்?"

"இல்லாமலும் வாழலாம். ஆனா அந்தக் கிருமி வந்தா வேகமாப் பரவும். காய்ச்சல்னா காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்துலயே ஆபத்தாயிடலாம். தடுப்பூசி போடணும்."

"இது அவனுக்குத் தெரியுமா?"

"டாக்டர் சொல்வார். டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதுவாங்க."

"இங்கிலீஷ்லயா?"

நான் பேனாவை மூடி வைத்தேன். ஆறு வருஷமாக மண்ணீரலின் ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்தவள் நான். அன்று காலை அதைக் கையில் வாங்கினேன், டேப் ஒட்டினேன், போன் செய்தேன். அது இல்லாமல் திக்லிபூருக்குத் திரும்பப் போகிறவனைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. இதைச் சொன்னதும் அவள், "நெனைக்கலைன்னா என்ன, இப்ப நெனைங்க. ஊசிக்கு என்ன வழி?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் அவள் சொன்னதை நின்று கேட்டார். தடுப்பூசிப் பட்டியலை எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் போட வேண்டும், அதுவரை ஊருக்குப் போகாதே என்று செல்வத்தைத் தடுத்து, சொந்தக்காரர் வீட்டில் தங்க வைத்தாள். ஓர் ஊசி மருந்து ஊரில் கிடைக்கவில்லை. தலைவருக்குத் தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். மருந்தின் பெயரை எழுதிக்கொண்டவர், "பெட்டியை இந்தப் பக்கம் அனுப்பு" என்றார். எங்கள் பனிக்கட்டிப் பெட்டி காலியாகப் போய், மருந்தோடு திரும்பி வந்தது.

இதற்கிடையில், ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் செல்வம் எழுந்து உட்கார்ந்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்."

"என் மண்ணீரல்ல ஒரு துண்டு உங்ககிட்ட இருக்கு" என்றான் செல்வம். "அதை மெல்லிசா வெட்டி, எந்தெந்த செல்லு எங்கெங்க இருக்குன்னு படம் போடுவீங்க. எனக்கு அதுல ரிப்போர்ட் ஒண்ணும் வராது. வேணாம்னா?"

"வேணாம்னா ஆஸ்பத்திரி முறைப்படி அழிச்சிருவோம். உங்களுக்கு வைத்தியம் அப்படியே நடக்கும்."

ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

மிதாலிக்கு வேறு பாடம். ஒரே ஒரு வாக்கியம், இந்தியில். இவருக்கு மண்ணீரல் இல்லை, காய்ச்சல் வந்திருக்கிறது, உடனே ஊசி மருந்து கொடுங்கள், காத்திருக்க முடியாது. மிதாலி கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னாள். "என் முகத்தைப் பாத்துச் சொல்லு. நான்தான் டாக்டர்" என்று இந்தியில் அதட்டினாள் இவள். மிதாலி மறுபடி சொன்னாள். "நான் பிஸியா இருக்கேன், போ, அப்புறம் வா" என்றாள் இவள், டாக்டர் தோரணையில். மிதாலி விழித்தாள். பிறகு ஒரு அடி முன்னால் வந்து, குரலை உயர்த்தி மறுபடி அதையே சொன்னாள். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் போன் அடித்தது. மிதாலி. இவள் ஸ்பீக்கரில் போட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த செல்வத்துக்குக் குளிர் எடுத்து நடுங்கியிருக்கிறது. மலேரியாவாக இருக்கும், ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார் செல்வத்தின் அண்ணன். செல்வமும் அதற்குச் சரி என்றிருக்கிறான். மிதாலி பக்கத்து வீட்டு ஜீப்பைக் கூப்பிட்டு அவனை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். திக்லிபூர் ஆஸ்பத்திரியில் அன்று நல்ல கூட்டம். வரிசையில் நில் என்று யாரோ சொல்ல, மிதாலி டாக்டர் அறைக்குள்ளேயே போய் அந்த வாக்கியத்தைச் சொன்னாளாம்.

"டாக்டர் உடனே எழுந்துட்டார் தீதி" என்றாள் மிதாலி. அவள் பேச்சில் தீதி என்றால் அக்கா. அப்போதே ஊசி போட்டிருக்கிறார்கள். போர்ட் பிளேருக்கு அனுப்புவதற்குள் அவனுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தப்பி, இரண்டு நாள் எல்லோரையும் கலங்கடித்துவிட்டான். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டான். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் செய்ய ஒன்றும் இருந்திருக்காது என்று போர்ட் பிளேர் டாக்டர் எங்களிடம் சொன்னார். அதைக் கேட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் அவளுக்கு நிக்கோபார் பக்கம் ஒரு தீவில் சுகாதார வேலை கிடைத்தது. கப்பல் ஏறும் ஜெட்டியில் வைத்து நன்றி சொல்ல நினைத்திருந்தேன். கப்பல் முன்னதாகக் கிளம்புகிறது என்று அறிவித்ததில் பெட்டி, பை, கூட்டம் என்று ஆகிவிட்டது. நானும் மெயின்லேண்டுக்குத் திரும்பினேன். அவள் போன் பாதி நாள் கிடைக்காது.

பார்மலினில் போட்டு வைத்த அந்தத் துண்டிலிருந்துதான் எங்கள் மண்ணீரல் வரைபடத்தின் நல்ல படங்களில் ஒன்று வந்தது. உயிருள்ள செல்கள் போனது போனதுதான், அந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். ஆனால் செல்கள் இருந்த இடம் துளியும் கலையாமல் இருந்தது. போன வருஷம் விடுமுறைக்கு வந்தபோது, அதைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு திக்லிபூர் பஸ் ஏறினேன்.

செல்வம் கை கழுவிவிட்டு வந்துதான் அதைத் தொட்டான். கறுப்புப் பின்னணியில் லட்சக்கணக்கான புள்ளிகள், பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாக. வெகுநேரம் பார்த்தான்.

"இத்தனை பேரு எனக்குள்ள வேலை பாத்திருக்காங்க. ஒருத்தரையும் எனக்குத் தெரியல" என்றான்.

நிக்கோபார் பக்கம் இருக்கும் அவளுக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை கிடைத்தது. ஹலோ சொல்வதற்குள் மிதாலி அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, இடுப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். பெங்காலியும் இந்தியும் சிரிப்புமாகப் பேச்சு நீண்டது. குழந்தை என் கண்ணாடியை இழுத்தது. லைன் அறுந்த பிறகுதான் மிதாலி திரும்பி வந்தாள்.

"தீதி உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க" என்றாள். "அந்தப் படத்துல எங்கயாவது இவர் பேரு போட்டிருக்கீங்களான்னு."

"இல்ல. ஒரு நம்பர்தான் இருக்கும். இவர்தான்னு யாருக்கும் தெரியாது."

"இருந்தா கிழிச்சிடச் சொன்னாங்க. இல்லைன்னா, மேடம் நல்லாப் பண்ணியிருக்காங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

நான் படித்த படிப்புக்கும் செய்த வேலைக்கும் மேடையில் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அன்று அந்த வீட்டில், மடியில் குழந்தையோடு, நான் வெட்கமே இல்லாமல் அழுதேன்.